ரூட்டாக ஓடும் அந்தச் சின்ன ஸ்கிரிப்ட்

வலைத்தளங்களின் எச்டிடிபிஎஸ் இணைப்புக்கு வேண்டிய டிஎல்எஸ் சான்றிதழ்களைத் தந்துவந்த ஹைசிஏ என்ற சேவையின் குட்டு 2023 ஜூனில் உடைந்தது. தங்களிடம் சான்றிதழ் வாங்க ஆக்மி.எஸ்எச் என்ற கருவியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அவர்கள் ஆவணத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆக்மி என்பது சான்றிதழைத் தானாக வாங்கவும் புதுப்பிக்கவும் உதவும் ஒரு பொது நெறிமுறை. அதைப் பேசத் தெரிந்த எந்தக் கிளையன்டும் (சான்றிதழ் கேட்கும் கருவி) எந்த சிஏ-வோடும் (சான்றிதழ் வழங்கும் ஆணையம்) பேச முடிய வேண்டும். ஒரே ஒரு கருவிக்கு மட்டும் கதவு திறக்கிறது என்றால் அங்கே ஏதோ சரியில்லை. கேடி வெப்சர்வரை எழுதிய மாட் ஹோல்ட் அதைத் தோண்டிப் பார்த்தபோது, டொமைன் நம்முடையதுதானா என்று சோதிக்க ஹைசிஏ அனுப்பிய சவால் தகவலுக்குள்ளேயே ஷெல் கட்டளைகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஆக்மி.எஸ்எச் அந்தத் தகவலை, உரையைக் கட்டளையாக ஓட்டிவிடும் 'ஈவல்' வழியாகக் கடத்தியதால், கட்டளைகள் பயனரின் சர்வரில் அப்படியே ஓடின. பலருடைய சர்வரில் அந்த ஸ்கிரிப்ட் ரூட்டாகவே, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராகவே, ஓடிக்கொண்டிருந்தது.

ஹைசிஏ உண்மையில் சிஏ-வே அல்ல. வேறொரு சிஏ-வின் சான்றிதழை வாங்கி விற்கும் இடைத்தரகர். ஆக்மி வழியில் செய்ய முடியாத தன் சரிபார்ப்பு வேலையைப் பயனரின் சர்வரில் செய்துகொள்ளவே அந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. நோக்கம் எதுவானாலும், தொலைவில் இருக்கும் ஒருவர் நம் சர்வரில் விரும்பியதை ஓட்ட முடிந்தது என்பதுதான் விஷயம். ஆக்மி.எஸ்எச் 3.0.6 பதிப்பில் இது அடைக்கப்பட்டது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்ணாக சிவிஇ-2023-38198 என்பதும் கிடைத்தது. ஹைசிஏ கடையைச் சாத்திக்கொண்டது.

இந்தக் கதையைப் பலர் 'ஈவல் ஆபத்தானது' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அது சரிதான், ஆனால் அரைகுறை. ஈவல் ஏன் அங்கே வந்தது? சிஏ-விடமிருந்து வரும் பதில் நம்பகமானது என்று எழுதியவர் எடுத்துக்கொண்டார். ஆக்மி முழுவதுமே சிஏ நம்மை நம்பலாமா என்று கேட்கிற ஏற்பாடு. நாம் சிஏ-வை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியை அந்த நெறிமுறை பெரிதாக எழுப்புவதில்லை. சான்றிதழ்க் கருவிகளில் இதுவரை வெளிவந்த ஓட்டைகளில் பல இந்த ஒருதலை நம்பிக்கையிலிருந்தோ, அல்லது சவால் கோரிக்கை என்றால் தனிச்சலுகை கொடுக்கலாம் என்ற நினைப்பிலிருந்தோ பிறந்தவை. குறியாக்கக் கணிதம் உடைந்ததால் வந்தது என்று சொல்ல அனேகமாக எதுவும் இல்லை.

ஒருபக்கக் கையெழுத்து

ஆர்எஃப்சி 8555 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் ஆக்மியில், கிளையன்ட் அனுப்பும் அனேகமாக ஒவ்வொரு கோரிக்கையும் கணக்குச் சாவியால் (சிஏ-விடம் பதிந்த கணக்கின் ரகசியச் சாவி) கையெழுத்திடப்படுகிறது. எந்த முகவரிக்குப் போகிறது என்பதும், ஒருமுறை மட்டும் செல்லும் நான்ஸ் எண்ணும் அந்தக் கையெழுத்துக்குள் அடங்கும். ஆகவே நடுவில் ஒருவர் கோரிக்கையைத் திருத்தவோ மறுபடி அனுப்பவோ முடியாது. சர்வரின் பதிலுக்கு அப்படி எந்தக் கையெழுத்தும் கிடையாது. சவாலின் டோக்கன் (சிஏ தரும் எழுத்துச் சரம்), அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரி, பிழைச் செய்தி எல்லாமே வெறும் ஜேசான் உரை. அவற்றைக் காப்பாற்றுவது எச்டிடிபிஎஸ் இணைப்பு ஒன்றுதான்.

கோ மொழியில் எழுதப்பட்ட லெகோ கிளையன்டில் 2025 இல் வெளிவந்த சிவிஇ-2025-54799 இந்த இடத்தில்தான் விழுந்தது. சிஏ-வோடு பேசும்போது எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று ஆர்எஃப்சி சொல்கிறது, லெகோவின் 4.25.1 வரையிலான பதிப்புகள் அதைச் சோதிக்கவில்லை. முகவரி வெறும் எச்டிடிபி ஆக இருந்தாலும் போய்ப் பேசும். 4.25.2 இல் சரிசெய்தார்கள். பெரிய பொது சிஏ-க்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி இல்லை. அவற்றின் முகவரிகள் எச்டிடிபிஎஸ் தான். நிறுவனத்துக்குள் சொந்தமாக ஆக்மி சர்வர் வைத்திருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். 'உள்வலைதானே' என்று எச்டிடிபி-யில் ஓடும் சர்வர்கள் உண்டு. அதைவிட மோசம், சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு ஓடும் கிளையன்ட்கள். சோதனைக்காக ஒருநாள் போட்ட அந்த அணைப்புக் கொடி, நேரப்படி தானாக ஓடும் கிரான் வரியில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். உள் சிஏ-வின் ரூட் சான்றிதழை நம்பகப் பட்டியலில் சேர்ப்பதுதான் சரியான வழி. அதற்குப் பத்து நிமிடம் போதும்.

டோக்கனை வெறும் தரவாகவே நடத்த வேண்டும். ஆர்எஃப்சி-யின்படி அதில் பேஸ்64 யூஆர்எல் எழுத்துகள் மட்டுமே வரலாம்: ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, 0 முதல் 9, சிறுகோடு, அடிக்கோடு. அவ்வளவுதான். டோக்கன் பெயரில் ஒரு கோப்பை வெப்சர்வரில் வைத்து சிஏ-வைப் படிக்கவைக்கும் எச்டிடிபி-01 முறையில், கிளையன்ட் இந்தச் சோதனையைச் செய்யாவிட்டால் புள்ளியும் சாய்கோடும் சேர்ந்த டோக்கன் ஒன்று சவால் கோப்புறையை விட்டு வெளியே ஏறிப்போய் எழுதும். எழுதப்படும் உள்ளடக்கத்தில் டோக்கனும் கணக்குச் சாவியின் சுருக்கமும்தான் இருக்கும் என்பதால் தாக்குபவர் விரும்பியதை எழுத முடியாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் கோப்பை அழித்து எழுத அது போதும். சொந்தமாக சவால் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி இது.

இதே டோக்கன் எதிர்ப்பக்கமும் கடிக்கும். சிலர் கோப்பே எழுதாமல், முகவரியில் வரும் டோக்கனை எடுத்து, பின்னால் சாவியின் சுருக்கத்தை ஒட்டி வெப்சர்வரே திருப்பி அனுப்பும்படி ஓரிரு வரி அமைத்துவிடுவார்கள். வசதியான முறைதான். ஆனால் அந்த வரியில் உள்ள வடிவக்கோவை (ரெகெக்ஸ்) எதையும் ஏற்றுக்கொள்வதாக இருந்து, பதிலின் உள்ளடக்க வகை எச்டிஎம்எல் ஆகவும் போனால், முகவரியில் எழுதிய ஸ்கிரிப்ட் அப்படியே பார்வையாளரின் பிரவுசரில் ஓடும். உள்ளடக்க வகையை வெறும் உரை என்று குறிப்பிட்டு, வடிவக்கோவையை மேலே சொன்ன எழுத்துகளோடு நிறுத்தினால் பிரச்சினை தீர்ந்தது.

சவால் என்ற பெயரில் திறந்த கதவுகள்

2018 ஜனவரியில் டிடெக்டிஃபை நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ரோசன் கண்டுபிடித்தது இந்தத் துறையில் நான் மிகவும் வியக்கிற ஓட்டை. அப்போதிருந்த டிஎல்எஸ்-எஸ்என்ஐ-01 முறையில், சிஏ நம் ஐபி முகவரிக்கு வந்து, 'ஆக்மி.இன்வாலிட்' என்று முடியும் ஒரு கற்பனைப் பெயரைக் கேட்கும். அந்தப் பெயருள்ள சான்றிதழைக் காட்டினால் டொமைன் நம்முடையது. தனிச் சர்வரில் இது சரி. ஒரே ஐபி-யில் ஆயிரம் தளங்கள் இருக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில்? வாடிக்கையாளர் எந்தப் பெயருக்கும் சான்றிதழ் ஏற்றலாம் என்று சில ஹோஸ்டிங் நிறுவனங்கள் விட்டிருந்தன. கற்பனைப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் தடுக்கவும் ஆளில்லை. பக்கத்துத் தளத்தின் டொமைனுக்கு இவர் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். லெட்ஸ் என்கிரிப்ட் உடனடியாக அந்த முறையை நிறுத்தியது. பிறகு வந்த டிஎல்எஸ்-ஏஎல்பிஎன்-01 முறையில் உண்மையான டொமைன் பெயரே கேட்கப்படுகிறது. அதோடு சர்வர் இந்த நெறிமுறையைத் தெரிந்தே பேசுகிறது என்பதற்கு இணைப்பில் எந்த நெறிமுறை என்று சொல்லும் ஏஎல்பிஎன் அடையாளமும் வேண்டும்.

நெறிமுறையை எழுதியவர்கள் தவறு செய்யவில்லை, ஹோஸ்டிங்காரர்களும் தங்கள் அளவில் தவறு செய்யவில்லை. இரண்டின் அனுமானங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இத்தகைய ஓட்டையை நிரலை மட்டும் படித்துக் கண்டுபிடிக்க முடியாது.

வெப்சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் பிராக்ஸிகளில் வேறு வகை. சவால் கோரிக்கை என்றால் வழக்கமான கட்டுப்பாடு எதுவும் குறுக்கே வரக்கூடாது, இல்லாவிட்டால் புதுப்பிப்பு நின்றுவிடும் என்று விதிவிலக்கு எழுதுவார்கள். டிராஃபிக் (Traefik) என்ற பிராக்ஸியில் எச்டிடிபி சவாலுக்கு விடை தேட 50 நொடி வரை அவகாசம் இருந்தது. அதைப் பயன்படுத்தி இணைப்புகளைப் பிடித்து வைத்து சர்வரைத் திணறடிக்க முடிந்தது. அது சிவிஇ-2023-47124, 2.10.6 இல் சரியானது. கிளவுட்ஃபிளேரில் 2025 அக்டோபரில் தெரிவிக்கப்பட்ட ஓட்டை இன்னும் நுட்பமானது. சவால் பாதையில் வரும் டோக்கன் செல்லுபடியாகும் என்றால் ஃபயர்வால் விதிகள் விலக்கப்பட்டன. அந்த டோக்கன் இந்த டொமைனுக்கு உரியதா என்று பார்க்கவில்லை. வேறொரு டொமைனின் டோக்கனோடு வந்தால், கோரிக்கை ஃபயர்வாலைத் தாண்டி மூல சர்வர் வரை போய்விடும். அதே மாதத்தில் அடைத்துவிட்டார்கள்.

உங்கள் வெப்சர்வர் அமைப்பிலும் இதன் சிறு வடிவம் இருக்கலாம். சவால் பாதைக்கு அனுமதிச் சோதனையை நீக்கும் விதி முன்னொட்டு ஒப்பீடாக இருந்து, அந்தப் பாதை அப்படியே பின்னால் உள்ள செயலிக்குப் போனால், செயலி பாதையை எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதைப் பொறுத்து உங்கள் உள்நுழைவுத் திரை சுற்றிவரப்படும். சவால் பாதை ஒரு நிலையான கோப்புறைக்கு மட்டும் போக வேண்டும். கோப்பு இல்லையென்றால் 404. பின்னால் எங்கும் தள்ளக்கூடாது.

ரூட் எதற்கு?

செர்ட்பாட் என்ற ஆக்மி கிளையன்ட் வழக்கமாக ரூட்டாக ஓடுகிறது. ஆக்மி.எஸ்எச்-க்கு அது தேவையே இல்லை. இருந்தும் பலர் ரூட்டின் வீட்டுக் கோப்புறையில்தான் நிறுவுகிறார்கள். ரூட் வேண்டியிருப்பது மூன்று காரணங்களுக்கு: 80 அல்லது 443 போர்ட்டைப் பிடிக்க, சாவியை எழுத, வெப்சர்வரை மறுஏற்றம் செய்ய. மூன்றையும் பிரிக்கலாம்.

தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, சவால் கோப்புறையையும் சாவிக் கோப்புறையையும் அவருக்குச் சொந்தமாக்குங்கள். சாவிக் கோப்புறை 0700, சாவி 0600. என்ஜின்எக்ஸ் வெப்சர்வரின் தலைமைச் செயல்முறை ரூட்டாக இருந்து சாவியைப் படிப்பதால் வேறு யாருக்கும் படிக்கும் அனுமதி தேவையில்லை. ஓடும் வெப்சர்வரே சவாலுக்கு விடை தரும் என்பதால் போர்ட் பிரச்சினையும் இல்லை. மிச்சம் மறுஏற்றம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி-யில் கிளையன்டை இறுக்கமாகப் பூட்டும்போது 'புதிய உரிமை பெறக்கூடாது' என்ற அமைப்பையும் போடுவோம். அது போட்டதும் ரூட் உரிமை தரும் சுடோ வேலை செய்யாது, புதுப்பித்தபின் ஓடும் ஹூக் ஸ்கிரிப்ட் தோற்கும். சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டிருக்கும், வெப்சர்வர் மட்டும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில், கோப்பு மாறுவதைக் கவனிக்கும் சிஸ்டம்டி பாத் யூனிட் ஒன்றை ரூட் பக்கம் வைத்து, மறுஏற்றத்தை அதனிடம் விடலாம். கவனிக்க வேண்டியது சான்றிதழ்க் கோப்பை அல்ல. சான்றிதழும் சாவியும் தனித்தனியாக எழுதப்படும். முதலாவது மாறியவுடன் மறுஏற்றம் நடந்தால் ஜோடி பொருந்தாமல் என்ஜின்எக்ஸ் புதிய அமைப்பை மறுத்துவிடும். எல்லாம் எழுதி முடிந்தபின் கடைசியாகத் தொடப்படும் வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்து அதைக் கவனியுங்கள்.

ரூட்டாக ஓடும் ஹூக் ஒன்று இந்தப் பயனரின் கோப்புறையிலிருந்து கோப்பை நகலெடுக்கிறது என்றால் மறுபடி யோசியுங்கள். பயனர் கணக்கு பறிபோனால், சாவிக்குப் பதில் அங்கே வேறு கோப்பைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் இருக்கும். ரூட் அதைப் பின்தொடர்ந்து படிக்கக்கூடாத கோப்பை வெளியே எடுத்துக் கொடுத்துவிடும்.

ஹூக் ஸ்கிரிப்ட்களுக்கு இன்னொரு பழைய வியாதி உண்டு. செர்ட்பாட் புதுப்பித்த டொமைன்களை இடைவெளியிட்ட ஒரே சரமாக ஹூக்குக்குத் தருகிறது. மேற்கோள்குறி இல்லாமல் அதை லூப்பில் விட்டால், எல்லாத் துணைப்பெயருக்கும் பொருந்தும் வைல்ட்கார்ட் பெயரில் உள்ள நட்சத்திரக்குறியை ஷெல் கோப்புப் பெயர்களாக விரிக்கப் பார்க்கும். பெரும்பாலும் பொருந்தும் கோப்பு இருக்காது என்பதால் தவறு தெரியாமலே ஓடும். லூப்புக்கு முன் கோப்புப்பெயர் விரிவாக்கத்தை அணைத்துவிடுங்கள். சாவியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு அனுமதியைச் சுருக்குவதும் அதே வகைத் தவறு. இடைப்பட்ட கணத்தில் யாரும் படிக்கலாம். புதுக் கோப்பின் அனுமதியைக் கட்டுப்படுத்தும் யூமாஸ்க் 077 முதலில், எழுதுவது பிறகு.

டிஎன்எஸ் டோக்கன் என்ற முழுச் சாவிக்கொத்து

வைல்ட்கார்ட் சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்டில் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு வேண்டும். வழக்கமான முறை டிஎன்எஸ்-01: டொமைனின் டிஎன்எஸ்-ல் ஒரு டிஎக்ஸ்டி (உரை) பதிவை எழுதிக் காட்டுவது. அதற்காக வெப்சர்வரில் டிஎன்எஸ் ஏபிஐ டோக்கன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நமக்குத் தேவை ஒரே ஒரு டிஎக்ஸ்டி பதிவை எழுதும் உரிமை. கையில் இருப்பது பல நேரங்களில் மொத்த ஸோனையும் (ஒரு டொமைனின் எல்லா டிஎன்எஸ் பதிவுகளும்), சில சமயம் கணக்கில் உள்ள எல்லா டொமைன்களையும் மாற்றும் உரிமை. வெப்சர்வர் ஒன்று விழுந்தால் மின்னஞ்சல் பதிவுகளும் சேர்ந்து போகும். என் கணிப்பில் இன்று இந்தத் துறையின் மிகப் பெரிய நடைமுறை ஆபத்து இதுதான். இதற்கு சிவிஇ எண் எதுவும் கிடையாது.

தீர்வு சிநேம், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் டிஎன்எஸ் பதிவு. சவால் பெயரை வேறொரு சின்ன ஸோனுக்குச் சுட்டிவிட்டு, டோக்கனுக்கு அந்த ஸோனில் மட்டும் எழுத உரிமை கொடுங்கள். சிஏ சிநேமைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும். இதற்கென்றே ஆக்மி-டிஎன்எஸ் என்ற சின்ன சர்வர் உண்டு. பதிவு செய்யும்போது எந்த ஐபி-யிலிருந்து மட்டும் திருத்தலாம் என்றும் கட்டுப்படுத்தலாம். உங்கள் பெயர்களைப் பதிந்து முடித்ததும் புதிய பதிவுகளை அணைத்துவிடுங்கள்.

அதே பெயரில் பழைய டிஎக்ஸ்டி பதிவு ஒட்டிக்கொண்டிருந்தால் சிநேம் வைக்க முடியாது. கிளையன்டும் சுட்டப்பட்ட இடத்தில் எழுதத் தெரிந்ததாக இருக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் இதைத் தானாகச் செய்வதில்லை, சிலவற்றில் தனி விருப்பம் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தச் சின்ன ஸோனை வைத்திருப்பவர் உங்கள் டொமைனுக்கு வைல்ட்கார்ட் உட்பட எந்தச் சான்றிதழும் வாங்கலாம். அந்த டொமைனின் பதிவைப் புதுப்பிக்க மறந்து, இன்னொருவர் வாங்கிவிட்டால் கதை முடிந்தது. சேவையை நிறுத்தியபின் சிநேமை அழிக்காமல் விடுவதும் அதற்குச் சமம்.

வழியிலேயே மறிப்பவர்

2022 பிப்ரவரியில் கிளேஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளத்தின் மீது நடந்த தாக்குதலில், இணையப் போக்குவரத்தின் பாதையைத் தீர்மானிக்கும் பிஜிபி வழித்தடத்தைத் திருப்பி, தங்களுக்குச் சொந்தமில்லாத டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கினார்கள். சிஏ ஒரே இடத்திலிருந்து பார்த்தால் திருப்பிவிடப்பட்ட பாதைதான் தெரியும். பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் சரிபார்ப்பதை லெட்ஸ் என்கிரிப்ட் 2020 இல் தொடங்கியது. 2025 முதல் எல்லாப் பொது சிஏ-க்களுக்கும் அது விதியாகிவிட்டது.

ஜாபர்.ரு என்ற செய்திப் பரிமாற்றச் சேவைக்கு 2023 இல் நடந்ததை அது தடுத்திருக்காது. அங்கே மறித்தவர்கள் சர்வருக்கு முன்னாலேயே, ஹோஸ்டிங் வலையமைப்புக்குள் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை இடங்களிலிருந்து பார்த்தாலும் கடைசிக் கண்ணி அவர்கள் கையில். முறையான சான்றிதழ்களை வாங்கி மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்டார்கள். வெளிப்பட்டது எப்படி என்றால், அவர்களுடைய சான்றிதழ் ஒன்று புதுப்பிக்கப்படாமல் அக்டோபரில் காலாவதியாகி, பயனர்களுக்குப் பிழை வந்தது! அதுவரை அந்தச் சான்றிதழ்கள், வழங்கப்படும் சான்றிதழ்களைப் பதியும் பொது வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தன.

இதற்கு மருந்து ஆர்எஃப்சி 8657. நம் டொமைனுக்கு யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் சிஏஏ என்ற டிஎன்எஸ் பதிவில், எந்த சிஏ என்பதோடு, எந்த ஆக்மி கணக்கு, எந்தச் சரிபார்ப்பு முறை என்றும் எழுதலாம். செர்ட்பாடின் கணக்கைக் காட்டும் கட்டளையில் கணக்கின் முழு முகவரி கிடைக்கும். அதை அப்படியே பதிவில் வைக்க வேண்டும். வழியில் மறிப்பவரிடம் அந்தக் கணக்குச் சாவி இல்லாததால் சவாலை வென்றாலும் சான்றிதழ் கிடைக்காது. டிஎன்எஸ் பதில்களுக்குக் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக் இருந்தால்தான் இது உறுதி; இல்லையென்றால் சிஏஏ பதிலையே மாற்றிக்கொடுக்கலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. பல சிஏஏ பதிவுகள் இருந்தால் ஏதாவது ஒன்று அனுமதித்தாலே போதும். கணக்கைக் குறிப்பிடாத பழைய வரியை அழிக்காமல் புதியதைச் சேர்ப்பது வீண். வைல்ட்கார்டுக்கான தனி வரி இருந்தால் வைல்ட்கார்டுக்கு அது மட்டுமே செல்லும், பொதுவரி பார்க்கப்படாது. துணைப்பெயரில் தனிப் பதிவு இருந்தால் மேலே உள்ளது அதற்குப் பொருந்தாது. சர்வரைப் புதிதாகக் கட்டி, கணக்குச் சாவியைக் காப்பெடுக்காமல் விட்டால் புதிய கணக்கு உருவாகும். அன்றிலிருந்து எல்லாப் புதுப்பிப்பும் மறுக்கப்படும். லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் காலாவதி மின்னஞ்சல்களை நிறுத்திவிட்டதால் அந்தப் பக்கமிருந்து எச்சரிக்கையும் வராது. வெளியிலிருந்து தளத்தின் சான்றிதழைப் பார்த்து, மீதி நாட்களை எண்ணும் சோதனை ஒன்று தனியாக வேண்டும். கூடவே, வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் உங்கள் டொமைனுக்கு வரும் ஒவ்வொரு புதுச் சான்றிதழையும் உங்கள் கருவியின் பதிவோடு ஒப்பிடுவதும் வேண்டும்.

கணக்குச் சாவி களவு போனால்

டிஎல்எஸ் சாவியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கணக்குச் சாவியை அனேகமாக யாரும் நினைப்பதில்லை. அது கையில் கிடைத்தவர், சிஏ முன்பு செய்த சரிபார்ப்பு இன்னும் செல்லுபடியாக இருந்தால் சவாலே இல்லாமல் புதுச் சான்றிதழ் வாங்கலாம். உங்கள் சான்றிதழ்களை ரத்துசெய்து தளத்துக்குத் தொல்லையும் தரலாம். சிஏஏ-வில் கணக்கைக் கட்டியிருந்தாலும் அவர் அந்தக் கணக்காகவே வருவதால் பயன் இல்லை.

அப்படி நடந்தால், அதே சர்வரில் இருந்த டிஎல்எஸ் சாவியும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை முக்கியம். முதலில் சுத்தமான வேறு கணினியில் புதிய கணக்கு. பிறகு சிஏஏ-வில் பழைய கணக்கை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, பதிவின் டிடிஎல் (பழைய பதில் நினைவில் வைக்கப்படும் காலம்) கழியும்வரை காத்திருப்பது. அடுத்து புதிய சாவியோடு புதிய சான்றிதழ் வாங்கி வெப்சர்வரில் ஏற்றுவது. செர்ட்பாடில் சாவியை மறுபடி பயன்படுத்தும் விருப்பம் போட்டிருந்தால் அதை முன்னாலேயே நீக்க வேண்டும், இல்லாவிட்டால் களவுபோன அதே சாவிக்குப் புதுச் சான்றிதழ்தான் கிடைக்கும். அதன்பின் பழைய சான்றிதழ்களை, சாவி கசிந்தது என்ற காரணத்தோடு ரத்துசெய்வது. கடைசியில் பழைய கணக்கைச் செயலிழக்கச் செய்வது. வெறும் சாவி மாற்றம் போதாதா என்று கேட்கலாம். சாவியை மாற்றினாலும் கணக்கு அதேதான், அதோடு ஒட்டிய சரிபார்ப்புகளும் அப்படியே இருக்கும். சாவியைத் திருடியவர் உங்களை முந்திக்கொண்டு அவரே மாற்றியிருந்தால் கணக்குக்குள் நீங்கள்தான் நுழைய முடியாது. செயலிழக்கச் செய்த கணக்கை மீட்க முடியாது என்பதால், அதே கணக்கைப் பயன்படுத்தும் மற்ற சர்வர்கள் எவை என்று அந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.